கெங்கம்மாள் வேண்டாமென்ற மண்

கெங்கம்மாளுக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. அன்று காலை பத்து மணிக்குள் மாடியில் இருந்த நாற்பத்துமூன்று தொட்டிகளிலும் களை பிடுங்கி முடித்திருந்தாள். களை இல்லாத தொட்டியிலும் எதையோ பிடுங்கினாள். கைப்பிடிச் சுவர் மேல் கிடந்த போனில், அவள் பேசி அனுப்பிய பதிவு இருந்த இடத்தில், 'இந்தச் செய்தியை அட்மின் நீக்கிவிட்டார்' என்று ஒரு வரி இருந்தது. அவள் படித்த ஐந்தாம் வகுப்பு, அதை எழுத்துக்கூட்டிப் படிக்கப் போதுமானதாக இருந்தது. இரண்டாவது முறை படித்தபோது காது மடல் சூடாகிவிட்டது.

நீக்கியவர் கலியமூர்த்தி. தெருவுக்கு எதிர்ப்புறம் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாம் மாடிக்காரர், கும்பகோணத்துப் பக்கம். ஏதோ ஒரு வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தாறு வருடம் பிறரை உட்கார வைத்துக் கேள்வி கேட்டுப் பழகிய மனிதருக்கு, ஓய்வுக்குப் பிறகு ஆள ஓர் இடம் வேண்டியிருந்தது. 'பசுமைக் குடும்பம்' என்று ஒரு வாட்ஸாப் குழுவைத் தொடங்கினார். அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் சொந்த வீடோ சொந்த ஃப்ளாட்டோ வைத்து, மாடியிலும் பால்கனியிலும் செடி வளர்க்கிறவர்கள் நூற்றுப் பதினேழு பேர் அதில் இருந்தார்கள். சுவரில் ஓதம் ஏறினால் என்ன செய்வது, தொட்டி வைத்தால் தளம் ஒழுகுமா, கறிவேப்பிலை ஏன் துளிர்க்கவில்லை, எல்லாமே அங்கே பேச்சு. பெரும்பாலும் ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள். தக்காளிச் செடி பூத்தால் தொட்டில் போட்ட மாதிரி படம் எடுத்துப் போடுவார்கள். அந்தத் தக்காளி காய்க்காவிட்டால் கலியமூர்த்தி காரணம் சொல்வார்.

அந்தக் காரணங்களில் பாதி கெங்கம்மாளுடையவை. அவளுக்குப் போனில் எழுத வராது, பேசித்தான் அனுப்புவாள். கத்தரியில் மாவுப்பூச்சி என்று யாராவது அழுதால், புளித்த மோரில் பெருங்காயம் கரைத்து எந்த வேளையில் தெளிப்பது என்று இரண்டு நிமிடம் பேசி அனுப்புவாள். அதற்கு நாலைந்து பேர் சிரிக்கும் முகம் போடுவார்கள். கேட்டது செடி வைத்தியம், சிரித்தது அவள் 'கீது', 'வந்துகினு' என்று சொன்னதற்கு. மறுநாள் கலியமூர்த்தி அதையே எண் போட்டு எழுதி வெளியிடுவார். அதற்கு நாற்பது கும்பிடு விழும். இந்தத் திருட்டைக்கூட அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. செடி பிழைத்தால் சரி என்று விட்டாள். பிறகு, 'குரல் பதிவுகள் வேண்டாம், எழுத்தில் மட்டும்' என்று குழுவில் ஒரு விதி வந்தது. குழுவில் பேசி அனுப்புகிறவள் அவள் ஒருத்திதான்.

ஆனால் இப்போது அவர் அழித்தது மாவுப்பூச்சி விவகாரம் அல்ல. தை பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை குடியிருப்பு வாசலில் ஒரு லாரி மணல் வந்து இறங்கியது. கருகருவென்று, மாவு மாதிரி. கலியமூர்த்திக்குத் தெரிந்த லாரிக்காரர் ஒருவர் அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டிலிருந்து இலவசமாகவே கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனார். இலவசமாக ஒருவன் லாரியோடு வந்து கொட்டுகிறான் என்றால் அவனுக்கு அதை எங்காவது தொலைத்தாக வேண்டியிருக்கிறது என்று அந்தக் குடியிருப்பில் ஒரு தலைக்கும் தோன்றவில்லை. கருப்பாக இருக்கிறதே, அப்படியானால் சத்துதான் என்று முடிவு கட்டினார்கள். களை வராது, புழு வராது, தண்ணீர் தேங்காது என்று கலியமூர்த்தி குழுவில் எழுதினார். தென்னை நார்க் கழிவோடு பாதிக்குப் பாதி கலக்கச் சொன்னார். முப்பத்தொரு வீட்டுக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள்.

கெங்கம்மாள் அந்தக் குவியலைத் தெருவிலிருந்து பார்த்தாள். பக்கத்தில் போய் ஒரு பிடி அள்ளவேண்டிய அவசியமே இல்லை. வாடையே போதும். அது இரும்பு உருக்கி வார்க்கும் பவுண்டரியில் கழித்துக் கட்டிய மணல். அம்பத்தூர் எஸ்டேட்டில் அப்படி ஒரு பவுண்டரியில் பதினோரு வருடம் அவள் அந்த மணலைச் சலித்திருக்கிறாள்.

அவளுடைய அப்பா அம்மா இதே கள்ளிக்குப்பத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுக் கூலி வாங்கியவர்கள். நிலம் மனையாகி, மனை ஃப்ளாட் ஆனபோது அவர்களுக்கு அதில் ஒரு கைப்பிடி மண்கூடச் சேரவில்லை. பதினேழு வயதில் வேம்புலியைக் கட்டிக்கொண்டு, அவனோடு சேர்ந்தே கான்ட்ராக்ட் கூலியாகப் பவுண்டரிக்குப் போனாள். அவன் அச்சு கட்டுகிற வேலை, அவள் சலிக்கிற வேலை. மணலில் பசையும் ரசாயனமும் கலப்பார்கள், அச்சு நிற்பதற்காக. அதில் உருக்கிய இரும்பை ஊற்றுவார்கள். வெந்து கருத்து வருகிற மணலை உடைத்துச் சலித்து மறுபடி கலப்பார்கள், இனி ஆகாது என்கிற மட்டும். மகள் விஜி பிறந்து சில வருடம் கழித்து அவள் நின்றுவிட்டாள். வேம்புலி இருபத்துமூன்று வருடம் அதே வேலையில் இருந்தான். கடைசி இரண்டு வருடம் மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவான். ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு மார்கழியில் இருமி இருமியே போய்ச் சேர்ந்தான். நுரையீரல் முழுக்கத் தூசி என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதைச் சொல்ல ஒரு டாக்டர் வேண்டுமா என்று அன்றைக்கும் அவளுக்குக் கோபம்தான் வந்தது.

கடைசியாகக் கைக்கு வந்த பணத்தில் அவன் தளம் போட்ட இரண்டு அறை வீடுதான் இது. அவன் இல்லாத வீட்டுக்குள் உட்காரப் பிடிக்காமல்தான் அவள் பெயின்ட் டப்பாவையும் மீன் வண்டித் தெர்மகோல் பெட்டியையும் மாடிக்கு ஏற்ற ஆரம்பித்தாள். மண்ணை மட்டும் முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் போய், பார்த்து, முகர்ந்து, கொண்டுவந்தாள். பார்க்கிறவர்களுக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது.

அதனால்தான் அந்த மணலைப் பார்த்த மறுநாள் காலை மூன்று நிமிடம் பேசி அனுப்பினாள். அதைத்தான் அவர் அழித்தார். களை பிடுங்கி முடித்துவிட்டு மறுபடி பேசி அனுப்பினாள். இந்த முறை 'குழு ஒழுங்கு கருதி' அவளையே நீக்கிவிட்டார்.

அவளுக்கு அவசரம் வேறு ஒன்று. இரண்டாம் மாடி ஸ்வாதி. கோவில்பட்டிப் பெண், கம்ப்யூட்டர் வேலை, ஒன்றேகால் வயதுக் கைக்குழந்தை. கெங்கம்மாளை அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட்டு, குழுவில் சேர்த்துவிட்டதே அவள்தான். அவள் ஆறு தொட்டி நிறைய அந்த மணலைப் போட்டுச் சிறுகீரை விதைத்திருந்தாள். முளைத்து இருபத்தைந்து நாளில் கீரை பிடுங்கலாம். முதல் கீரையைப் பருப்போடு மசித்துப் பாப்பாவுக்குத்தான் ஊட்டவேண்டும் என்று நாள்கூடக் குறித்துவைத்திருந்தாள்.

கெங்கம்மாள் நேரே போனாள். வாசலில் காவல்காரர் நோட்டை நீட்டி, வந்த காரணம் என்ற இடத்தில் அவளைக் கேட்காமலேயே 'வீட்டு வேலை' என்று எழுதிக்கொண்டார். அவள் அதைப் பார்த்தாள். சண்டை போட அது நேரமில்லை என்று படியேறினாள். ஸ்வாதி அன்பாகத்தான் கேட்டாள். டீ கொடுத்தாள். பிறகு பால்கனிக்கு அழைத்துப்போய் மண்ணை அள்ளிக் காட்டினாள். அவள் பிறந்து வளர்ந்த ஊர் மண் கருப்பு. கருப்பு மண் கெடுதல் செய்யும் என்றால் அவளுக்கு ஏறவில்லை.

"எங்க ஊர் கரிசல் மாதிரியே இருக்குக்கா. பி.ஹெச். பார்த்தாச்சு, ஏழு. சார் காகிதம் முக்கி எல்லாருக்கும் படம் போட்டிருக்காரு" என்றாள்.

"இது கரிசலு இல்லமா. இரும்பு வெந்த மண்ணு. எங்க ஊட்டுக்காரர இத்தான் வாரிகினு போச்சு" என்றாள் கெங்கம்மாள்.

ஸ்வாதியின் முகம் சங்கடப்பட்டது. சார் விசாரிக்காமல் கொடுக்கமாட்டார் என்றாள். அக்கா மனசில் மாமா நினைப்பு இருக்கிறது, அதனால் அப்படித் தோன்றுகிறது என்றும் சொன்னாள். இதுதான் கெங்கம்மாளுக்கு நெஞ்சில் தைத்தது. சிரிக்கும் முகம் போட்டவன் மேல் வராத கோபம் இந்தப் பெண் மேல் வந்தது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு இறங்கிவிட்டாள்.

முளைக்காது என்று ஒரு நம்பிக்கை இருந்தது. பாழாய்ப்போன கீரை முளைத்துத் தொலைத்தது. நாருக்குள் வேர் விட்டுக்கொண்டு, இலை ஓரம் மட்டும் வெளுத்து, தளதளவென்று வந்தது. கெங்கம்மாள் தன் மாடியில் நின்றால் அந்தப் பால்கனி தெரியும். தினமும் காலையில் ஸ்வாதி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றுவாள். குழந்தை தொட்டி மண்ணைக் கையால் அளையும், அந்தக் கையை வாயில் வைக்கும். இங்கிருந்து அவள் கத்துவாள். அங்கிருந்து ஸ்வாதி, கூப்பிடுகிறாள் என்று நினைத்துக் கையாட்டுவாள். இருபது நாள் இப்படிப் போயிற்று. அந்த இருபது நாளில் கெங்கம்மாள் யாரிடமும் நல்ல வார்த்தை பேசவில்லை. பால்காரரிடம்கூட எரிந்து விழுந்தாள்.

விஜி எஸ்டேட்டில் ஒரு கம்பெனி அலுவலகத்தில் டைப் அடிக்கிற வேலையில் இருந்தாள். அம்மா சோற்றுத் தட்டைத் தள்ளிவைப்பதை மூன்று நாள் பார்த்துவிட்டு, நான்காம் நாள் மாலை எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"நீ பேசுனா அவுங்களுக்கு ஏறாதுமா. நா எயுதுறேன். உம் பேர்ல இல்ல" என்றாள்.

கெங்கம்மாள் முடியாது என்றாள். என் புருஷன் செத்த கதையை எவளோ பெயரில் சொல்லவேண்டுமா என்று கத்தினாள். கத்தி முடித்ததும் எதிர்ப் பால்கனியைப் பார்த்தாள். கீரை ஒரு சாண் உயரம் நின்றது. நாளை மறுநாள் பிடுங்கிவிடுவாள். எழுதித் தொலை என்றாள்.

அம்மா சொல்லச் சொல்ல விஜி எழுதினாள். சொன்னது கெங்கம்மாள், எழுத்தில் வந்தது வேறு யாரோ. 'வார்ப்படக் கழிவு மணலைத் தோட்டத்தில் பயன்படுத்துவதால் ஏற்படும் அபாயங்கள்' என்று தலைப்பு. கீழே ஒன்று, இரண்டு, மூன்று. கடைசியில் 'கிருஷ்ணப்பிரியா, எம்.எஸ்சி., மண்ணியல்'. வேம்புலியின் பழைய நம்பரை விஜி ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருந்தாள். குழுவில் சேர மளிகைக் கடைச் சுவரில் ஒட்டியிருந்த க்யூ.ஆர். சீட்டை ஸ்கேன் செய்து, அந்த நம்பரிலிருந்து உள்ளே சேர்ந்து, அனுப்பினாள். செத்தவன் நம்பரிலிருந்து போயிற்று அது.

கால் மணி நேரம் ஆகவில்லை. கும்பிடுகள் கொட்டின. கண் திறந்துவிட்டீர்கள் மேடம் என்றார் ஒருவர். கலியமூர்த்தி, தானும் இதை ஐயப்பட்டிருந்ததாக எழுதினார். விஜி அதைச் சத்தமாகப் படித்தபோது கெங்கம்மாள் கையிலிருந்த சொம்பைச் சுவரில் அடித்தாள். சொம்பு நசுங்கியது.

மறுநாள் காலை ஸ்வாதி குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது.

"அக்கா, உங்களுக்கு விஷயம் தெரியுமா? அந்த மண்ணு ஆகாதாம். ஒரு மேடம் சொல்லியிருக்காங்க, படிச்சவங்க. மொத்தத்தையும் அள்ளிட்டோம்."

கெங்கம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். அறைந்துவிடுவோமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது. குழந்தை அவள் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தது. அதன் உள்ளங்கையை விரித்து, நகக்கண்ணைப் பார்த்து, முந்தானையை நனைத்துத் துடைத்துவிட்டாள். நல்லது என்றாள். தன்னிடம் இருந்த சிறுகீரையில் ஒரு கட்டு பிடுங்கிக் கொடுத்து அனுப்பினாள்.

அத்தோடு முடிந்திருந்தால் கோபம் ஒரு மாதத்தில் ஆறியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தால், அவள் வீட்டுச் சுவரை ஒட்டிய காலி மனையில் கருப்பு மணல் மலையாகக் கிடந்தது. முப்பத்தொரு வீட்டு மூட்டைகளும் குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டியில் வந்து, தெரு எழுவதற்குள் கொட்டப்பட்டிருந்தன. தங்கள் பால்கனிக்கு ஆகாதது இந்தத் தெருவுக்கு ஆகும். கொஞ்ச நேரத்தில் தெருப் பிள்ளைகள் நாலைந்து பேர் அதன் மேல் ஏறிச் சறுக்கத் தொடங்கினார்கள். மூக்கும் வாயும் கரி. கெங்கம்மாள் துடைப்பத்தோடு போய் அவர்களை விரட்டினாள்.

அன்றுதான் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் குழுவின் கூட்டம். கிருஷ்ணப்பிரியா மேடத்துக்குச் சால்வை போடுவதாக ஏற்பாடு. நேரில் வரவேண்டும் என்று கலியமூர்த்தி நான்கு முறை கேட்டு எழுதியிருந்தார். அந்த நம்பரையே ஒழித்துவிடலாம் என்று விஜி கெஞ்சிக்கொண்டிருந்தாள். கெங்கம்மாள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு, கைகால் கழுவி, தெருவைத் தாண்டிப் போனாள். காவல்காரர் நோட்டை நீட்டினார். இந்த முறை அவளே பேனாவைப் பிடுங்கி, வந்த காரணம் என்ற இடத்தில் ஒவ்வொரு எழுத்தாக 'மண்' என்று எழுதினாள்.

அறுபது எழுபது பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருந்தார்கள். கலியமூர்த்தி கையில் சால்வையோடு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும், மேடம் வருகிற நேரம், ஓரமாக உட்காரம்மா என்றார்.

"வந்துட்டேன் சார். நாந்தான்" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. பின்னால் ஓடிவந்த விஜி, போனைத் தூக்கிக் காட்டி, எழுதியது நான், சொன்னது என் அம்மா என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள். கெங்கம்மாள் அழவில்லை. அழித்துப்போட்ட அந்த மூன்று நிமிடத்தையும் நின்ற இடத்திலிருந்து மறுபடி பேசினாள். மணலில் என்ன கலப்பார்கள், எப்படி வெந்து வரும், நனைந்தால் என்ன வாடை வரும், வேம்புலி எந்தப் படியில் உட்காருவான் எல்லாம். அவள் பேச்சில்தான் பேசினாள். ஒருவரும் சிரிக்கவில்லை. முதல் வரிசையில் ஸ்வாதி தலையைக் குனிந்துகொண்டாள்.

கலியமூர்த்தி தொண்டையைச் செருமினார். மனிதருக்கு முகம் செத்துவிட்டது, ஆனாலும் பழைய நாற்காலி விடவில்லை.

"ஏம்மா, இவ்வளவு தெரிஞ்சவங்க முன்னாடியே எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன் சார். ரெண்டு வாட்டி சொன்னேன். நீதான் அயிச்சிட்ட."

யாரோ ஒருவர் நாற்காலியை நகர்த்தினார். கலியமூர்த்தி சால்வையைப் பிரித்துக்கொண்டு முன்னே வந்தார். அவள் ஓர் அடி பின்னால் போனாள். அது எனக்கு வேண்டாம், என் சுவர் ஓரம் கொட்டியதை எடு என்றாள். ஆள் சொல்லித் திங்கட்கிழமை எடுத்துவிடுவதாக அவர் சொன்னார். அதற்குள் தெருப் பிள்ளைகள் எத்தனை முறை அதில் சறுக்கும் என்று அவள் கேட்டாள். உங்கள் பிள்ளைக்கு ஆகாத மண் என் தெருப் பிள்ளைக்கு ஆகுமா என்று கேட்டாள். அவர் சால்வையை நாற்காலியில் போட்டார். லாரிக்காரருக்குப் போன் போட்டார். எங்கே ஏற்றினாயோ அங்கேயே கொண்டுபோய்ப் போடு என்று, வங்கியில் பேசிய குரலில், அன்றைக்கு ஒரு நல்ல காரியத்துக்காகக் கத்தினார்.

லாரி பன்னிரண்டு மணிக்கு வந்தது. அள்ள ஆள் வரவில்லை, ஞாயிற்றுக்கிழமை. ஆள் இல்லை என்று கலியமூர்த்தி கையை விரித்தபோது கெங்கம்மாள் உள்ளே போய் ஒரு மண்வெட்டியும் நான்கு இரும்புச் சட்டிகளும் கொண்டுவந்து போட்டாள். ஸ்வாதியின் கணவன் முதலில் ஒரு சட்டியை எடுத்தான். சிரிக்கும் முகம் போட்ட பையன்களில் இரண்டு பேர் வந்தார்கள். கெங்கம்மாள் ஒரு கை மணலைத் தொடவில்லை. பதினோரு வருடம் தொட்டாயிற்று. வாசற்படியில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். கோபம் கொஞ்சமும் தணியவில்லை, தணியவேண்டிய காரணமும் அவளுக்குத் தெரியவில்லை.

கலியமூர்த்தி சட்டையைக் கழற்றி மதில் மேல் போட்டுவிட்டு, பனியனோடு மண்வெட்டியைப் பிடித்தார். முதல் வெட்டிலேயே கருந்தூசி எழும்பி அவர் முகத்தை மூடியது. இருமினார். இரண்டாவது வெட்டுக்கும் இருமினார். வறண்ட இருமல். படியில் நின்றவளுக்கு அது வேம்புலியிடம் கேட்டுப் பழகிய சத்தம்.

கொடியில் காய்ந்த ஈரிழைத் துண்டை உருவி, வாளியில் முக்கிப் பிழிந்து, அவரை நோக்கி வீசினாள்.

"மூஞ்சில கட்டிக்க சார். தூசி நெஞ்சுல எறங்குனா அப்புறம் வெளிய வராது."

அவர் வாங்கிக் கட்டிக்கொண்டார்.